நாற்பதை ஒட்டி ஒரு குழந்தை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மருத்துவரின் அறையில் கேட்கக் கூச்சப்பட்டதைப் பலர் வெளியே வந்து என்னிடம் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான்; கேட்பவரின் வயதுதான் 34, 39, 46 என்று மாறும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். இங்குள்ள எண்கள் ஏராளமான பெண்களை வைத்துக் கணக்கிட்டவை. உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு முதலில்.

நாற்பது வயதுக்கு மேல் குழந்தை பெறுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, சிஸ்டர்?

இருக்கிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. அமெரிக்காவில் 1990-இல் பிறந்த நூறு குழந்தைகளில் ஒன்றோ சற்று அதிகமோதான் 40 கடந்த தாய்க்குப் பிறந்தது. 2023-இல் அது நூறுக்கு நான்கு. பதின்ம வயதுத் தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளைவிட அந்த ஆண்டில்தான் முதன்முறையாக இந்த எண்ணிக்கை கூடியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 40 கடந்தவர்களின் பிறப்பு விகிதம் 20 வயதுக்கு உட்பட்டோரின் விகிதத்தை 2015-இலேயே தாண்டிவிட்டது. தென்கொரியாவில் தலைச்சன் பிள்ளை பெறும் சராசரி வயதே 33 ஆகிவிட்டது.

ஆனால் 'நாற்பதுக்கு மேல்' என்று எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினால் ஏமாந்துபோவோம். அந்த நான்கு குழந்தைகளில் பெரும்பாலானவை நாற்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குப் பிறந்தவை. 45 தாண்டிய தாய்மாருக்குப் பிறப்பது அமெரிக்காவில் ஆயிரத்தில் மூன்றை ஒட்டித்தான். ஐம்பது தாண்டியவர்கள் என்றால், ஆண்டுக்கு 35 லட்சத்துக்கும் மேலான பிறப்புகளில் ஓராயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. 41 வயதுக்கும் 46 வயதுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள்தான், ஆனால் குழந்தைப்பேற்றில் அது மிகப் பெரிய தொலைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்த குழந்தைகளின் கணக்கு இது. முயன்று கிடைக்காதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. 'எத்தனை பேர் பெறுகிறார்கள்' என்பது ஒரு கேள்வி, 'முயல்கிறவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது' என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் எடுத்துக்கொள்வதுதான் நான் பார்க்கும் பெரும்பாலான மனவேதனைக்குக் காரணம்.

எங்கள் பாட்டி கடைசிப் பிள்ளையை 43 வயதில் பெற்றாராம். அந்தக் காலத்தில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை?

அந்தக் காலத்தில் அது அபூர்வமே இல்லை. கருத்தடை என்பதே இல்லாத சமூகங்களில் ஒரு பெண் தன் கடைசிக் குழந்தையைப் பெறும் சராசரி வயது 40, 41 ஆக இருந்தது. வட அமெரிக்காவில் கருத்தடையை ஏற்காமல் வாழ்ந்த ஹட்டரைட் என்ற சமயக் குழுவினரை 1950-களில் ஆராய்ந்தார்கள். அந்தப் பெண்கள் சராசரியாகப் பத்துக்கு மேல் பிள்ளை பெற்றவர்கள். அவர்களிலேயே 34 வயதுக்குப் பிறகு குழந்தை பிறக்காதவர்கள் நூறில் 11 பேர், 40-க்குப் பிறகு பிறக்காதவர்கள் 33 பேர், 45-க்குப் பிறகு பிறக்காதவர்கள் 87 பேர்.

உங்கள் பாட்டி 43-இல் பெற்றது கடைக்குட்டி. அதற்கு முன்பே பல பிள்ளைகள் இருந்திருப்பார்கள். 43-இல் கரு தங்காமல் போயிருந்தாலும் யாரும் அதை ஒரு குறையாகப் பேசியிருக்க மாட்டார்கள். இன்று அதே வயதில் முதல் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். பாட்டிக்கும் பேத்திக்கும் உடம்பின் கணக்கு ஒன்றேதான். அவருக்கு அந்த வயதில் வந்தது இன்னொரு பிள்ளை, உங்களுக்கு வரவேண்டியது முதல் பிள்ளை.

வயதானால் உள்ளே அப்படி என்னதான் மாறுகிறது?

பெண் தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அனைத்தையும் பிறக்கும்போதே கொண்டுவருகிறாள். தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கையில் அறுபது, எழுபது லட்சம் இருக்கும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம், பூப்படையும்போது மூன்று, நான்கு லட்சம். இவற்றில் முதிர்ந்து வெளிவருவது மொத்தமே நானூறு, ஐந்நூறுதான். மற்றவை தாமாக அழிந்துகொண்டே இருக்கும். கர்ப்பமாக இருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அந்த அழிவு நிற்பதில்லை.

எண்ணிக்கையைவிடத் தரம்தான் பெரிய விஷயம். கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன், மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான தன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் காத்திருந்த முட்டையில் அந்தப் பிரிப்பு அடிக்கடி பிசகுகிறது. ஒன்று கூடியோ குறைந்தோ போனால் கரு உருவாவதில்லை, அல்லது உருவாகியும் தங்குவதில்லை. கீழே வரும் பல பதில்களுக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கருப்பை இந்த அளவுக்கு முதுமை அடைவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

35 வயது என்று ஏன் ஒரு கோடு போடுகிறார்கள்? பிறந்தநாளன்று இரவோடு இரவாக என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாது. 34-க்கும் 36-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் கோடு பரவியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970-களில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பார்க்கும் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அந்த ஊசியால் கரு கலையும் அபாயமும், குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய சமமாகும் வயது என்று 35-ஐக் கணக்கிட்டார்கள். யாருக்கு ஊசி போடலாம் என்று முடிவு செய்யப் பிறந்த எண் அது. பிற்காலத்தில் பெண்களை அச்சுறுத்தும் எண்ணாக மாறிப்போனது வருத்தமான விஷயம்.

உண்மையில் இறக்கம் முப்பதுகளின் தொடக்கத்திலேயே மெதுவாகத் தொடங்குகிறது, 37, 38-இல் வேகம் பிடிக்கிறது, 40-க்குப் பிறகு செங்குத்தாகிறது.

எனக்கு 38. இப்போது முயன்றால் எனக்கு எவ்வளவு வாய்ப்பு?

பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வாளர் ஹென்றி லெரிடன் 2004-இல் வெளியிட்ட கணக்கைத்தான் நான் எப்போதும் சொல்வேன், ஏனென்றால் அது கரு உண்டாவதோடு நிற்காமல் உயிரோடு பிறக்கும் குழந்தை வரை பார்க்கிறது. இயற்கையாக முயல்கிறவர்களில், குழந்தை பிறப்பில் முடியும் கர்ப்பம் ஓராண்டுக்குள் உண்டாவது 30 வயதில் தொடங்கியவர்களில் 75 சதவீதம் பேருக்கு, 35-இல் தொடங்கியவர்களில் 66 சதவீதம், 40-இல் தொடங்கியவர்களில் 44 சதவீதம். நான்கு ஆண்டுகள் முயன்றால் இவை 91, 84, 64 சதவீதமாக உயர்கின்றன.

ஆக, 38-இல் நீங்கள் இருப்பது நம்பிக்கைக்குரிய இடம்தான், ஆனால் தள்ளிப்போடுவதற்கான இடம் அல்ல. மாதக் கணக்கில் சொன்னால், இருபதுகளில் ஒரு மாதத்துக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு; 40-இல் அது நூறுக்கு ஐந்திலிருந்து பத்து. அதனால்தான் ஒரு மாதம் தவறினால் மனம் உடைய வேண்டாம் என்கிறேன். நாளைக் கவனித்து முயல்வதும் உதவும்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கரு உண்டாகக்கூடியவை. முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை, விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

மாதவிடாய் கணக்காக 28 நாளில் வருகிறது, நடைப்பயிற்சி, யோகா எல்லாம் செய்கிறேன். பார்ப்பவர்கள் 30 வயது என்கிறார்கள். எனக்கும் அதே கணக்குத்தானா?

அதே கணக்குத்தான். சொல்வதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் மறைப்பது அதைவிடத் தவறு. மாதவிடாய் ஒழுங்காக வருவது முட்டை வெளிவருகிறது என்பதைக் காட்டும். அந்த முட்டையின் குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே குழந்தை பெறும் திறன் முடிந்துவிடுவதுதான் வழக்கம்.

உங்கள் உடற்பயிற்சி வீணில்லை. கர்ப்பகாலத்தில் அது உங்களைக் காக்கும். முட்டையின் வயதைக் குறைக்க மட்டும் எந்தப் பயிற்சியாலும், எந்த மாத்திரையாலும் முடியாது. புகைப்பழக்கம் அதைக் கூட்டும்: புகைக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாகவே நிற்கிறது.

எவ்வளவு நாள் நாங்களே முயன்றுவிட்டு மருத்துவரிடம் வர வேண்டும்?

35 வயதுக்குள் என்றால் ஓராண்டு. 35-க்கு மேல் ஆறு மாதம். 40 ஆகிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம், முயலத் தொடங்கும்போதே வாருங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லை, சினைப்பையில் அறுவை சிகிச்சை நடந்தது, தாய்க்கோ அக்காவுக்கோ 40-க்கு முன்பே மாதவிடாய் நின்றது என்றால் எந்த வயதிலும் உடனே வரலாம்.

வரும்போது கணவரும் வர வேண்டும். விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லாதது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இழந்த காலம் முழுவதும் அவளுடைய காலம்.

ஏஎம்ஹெச் பரிசோதனையில் அளவு குறைவு என்று வந்திருக்கிறது. அவ்வளவுதானா, முடிந்ததா?

முடியவில்லை. அந்த ரத்தப் பரிசோதனை சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத் தோராயமாகக் காட்டுகிறது. ஊசி மருந்து கொடுத்தால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க மருத்துவருக்கு உதவும். இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்வதில்லை. 30 முதல் 44 வயதுள்ள பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அளவு குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 42 வயதில் அளவு நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. எண்ணிக்கை வேறு, தரம் வேறு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான் இங்கும்.

ஆணுக்கு வயதே தடையில்லை என்கிறார்களே?

தடை தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். விந்தணுக்கள் புதிது புதிதாக உற்பத்தியாவதால் அறுபதிலும் தந்தையாகலாம். ஆனால் ஒவ்வொரு முறை பிரதியெடுக்கும்போதும் மரபணுவில் சிறு பிழைகள் சேர்கின்றன. தந்தையின் வயது ஓராண்டு கூடும்போது குழந்தைக்குச் சுமார் இரண்டு புதிய மரபணு மாற்றங்கள் கூடுதலாகப் போகின்றன என்று 2012-இல் ஐஸ்லாந்து ஆய்வு காட்டியது. பெரும்பாலானவை எந்தத் தீங்கும் செய்யாதவை. இருந்தாலும் தந்தைக்கு 40, 45 தாண்டினால் கரு உண்டாகத் தாமதமாவதும், கருச்சிதைவு சற்றுக் கூடுவதும் பதிவாகியிருக்கின்றன.

ஐம்பது வயதில் நடிகைகள் இரட்டைக் குழந்தை பெறுகிறார்களே, அது எப்படி?

பெரும்பாலும் இன்னொரு இளம்பெண் தானமாகத் தந்த கருமுட்டையால், அல்லது அவர்களே இளவயதில் உறைய வைத்த முட்டையால். சிலருக்கு வாடகைத் தாய். இவற்றை வெளியே சொல்ல அவர்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. ஆனால் சொல்லப்படாத அந்த ஒரு விவரம், செய்தியைப் படிக்கும் 44 வயதுப் பெண்ணுக்குப் பொய்யான ஒரு கால அவகாசத்தைக் கொடுத்துவிடுகிறது.

கருப்பை அவ்வளவு முதுமை அடைவதில்லை என்றேன் அல்லவா? தானமாக வந்த முட்டை என்றால் வெற்றி வாய்ப்பு பெரும்பாலும் முட்டை தந்தவரின் வயதைப் பொறுத்தது, சுமப்பவரின் வயதைப் பொறுத்தது அல்ல. அதனால்தான் 2006-இல் ஸ்பெயினில் 67-ஐ நெருங்கிய ஒரு பெண் இரட்டைக் குழந்தைகளைப் பெற முடிந்தது. அவர் 2009-இல் இறந்துபோனார், குழந்தைகளுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. உடம்பால் முடிகிறது என்பதால் மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சிகிச்சை பெறுவதற்குச் சட்டத்தில் வயது வரம்பு வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55.

அப்படியானால் சோதனைக் குழாய் முறை இருக்கும்போது வயதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததிலிருந்து அந்த முறையில் ஒரு கோடிக்கும் மேலான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். கருக்குழாய் அடைப்பு, விந்தணுக் குறைபாடு போன்றவற்றை அது சுற்றிக்கொண்டு போகும். முட்டையின் வயதைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு வழி கிடையாது. சொந்த முட்டையில் செய்தால் 44, 45 வயதில் ஒரு முயற்சிக்கு நூறில் ஐந்து பேருக்குக்கூடக் குழந்தை கிடைப்பதில்லை. மேலே சொன்ன லெரிடனின் கணக்குப்படி, முயற்சியை 30-லிருந்து 35-க்குத் தள்ளியதால் இழந்த பிறப்புகளில் பாதியைத்தான் இந்தச் சிகிச்சை மீட்டுத் தருகிறது. 35-லிருந்து 40-க்குத் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கைக்கூட மீட்பதில்லை.

என் தங்கைக்கு 32, இன்னும் திருமணம் ஆகவில்லை. முட்டையை உறைய வைக்கச் சொல்லலாமா?

சொல்லலாம், முடிவை அவளிடம் விட்டுவிட்டு. முட்டையை அதிவேகமாக உறைய வைக்கும் நுட்பம் நன்றாகத் தேறிய பிறகு, 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் அதைப் பரிசோதனை நிலைச் சிகிச்சை என்ற வகையிலிருந்து நீக்கியது. உறைய வைத்த வயதிலேயே முட்டை நின்றுவிடும் என்பதுதான் அதன் பயன். 32-இல் செய்வதற்கும் 39-இல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே விளங்கும்.

உறைய வைத்த முட்டை ஒரு வாய்ப்பு, உறுதிமொழி அல்ல. உருக்கும்போது சில போய்விடும், சில கருவாகாது, கருவானதிலும் சில தங்காது. பத்து முட்டை வைத்திருப்பவர் பத்துக் குழந்தை பெறுவதில்லை, சில சமயம் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. இதை அவளிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானது, பத்தாவது வாரத்தில் கலைந்துவிட்டது. 41 வயதில் நான் ஏதோ தவறு செய்துவிட்டேனா?

இல்லை. படி ஏறியதாலோ, வேலைக்குப் போனதாலோ, மன அழுத்தத்தாலோ, பயணத்தாலோ அல்ல. இந்த வயதில் கருக்கள் கலைவதற்கு மிகப் பெரிய காரணம், கரு உருவான அன்றே அதன் குரோமோசோமில் இருந்த பிசகு. நார்வேயில் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், 25 முதல் 29 வயதுப் பெண்களின் கர்ப்பங்களில் 10 சதவீதம் கலைந்தன, 45-க்கு மேல் 53 சதவீதம். உங்கள் வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால் இந்தப் பதிலை அவர்களிடம் காட்டுங்கள். அடுத்த கர்ப்பம் நல்லபடியாக நிற்கும் பெண்கள் உங்கள் வயதிலும் நிறையப் பேர். இரண்டு முறை தொடர்ந்து கலைந்தால் காரணம் தேடும் பரிசோதனைகளுக்கு வாருங்கள்.

குழந்தைக்குக் குறை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். எவ்வளவு உண்மை?

ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்கொள்வோம். தாய்க்கு 25 வயதில் 1,250 குழந்தைகளில் ஒன்று, 35-இல் சுமார் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று, 45-இல் 30-இல் ஒன்று. ஏற்றம் பெரிதுதான். ஆனால் 40 வயதுத் தாய்க்கு அந்தக் குறை இல்லாத வாய்ப்பு நூறுக்கு 99 என்பதும் அதே எண்தான். பயமுறுத்துகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.

தெரிந்துகொள்ள வழிகள் உண்டு. பத்தாவது வாரம் முதல் தாயின் ரத்தத்தில் மிதக்கும் சிசுவின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் என்ஐபிடி பரிசோதனை, 11 முதல் 14 வாரத்துக்குள் கழுத்தின் பின்புற நீரை அளக்கும் ஸ்கேன். இவை சந்தேகத்தைக் காட்டுபவை மட்டுமே. உறுதி செய்ய வேண்டுமானால் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்தோதான் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனையின் முடிவை மட்டும் வைத்து யாரும் எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்.

சரி, எனக்கு ஆபத்தா? 42 வயதில் உடம்பு தாங்குமா?

பெரும்பாலோருக்குத் தாங்குகிறது. ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை நோய், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, குறைமாதப் பிரசவம், சிசேரியன் ஆகியவை இளம் தாய்மாரைவிட அதிகம். முட்டை தானம் பெற்றவர்களுக்கு ரத்த அழுத்தச் சிக்கல் இன்னும் கூடுதல். தாய்க்கும் சிசுவுக்கும் உயிரபாயம் இந்த வயதில் கூடுகிறது, ஆனாலும் நல்ல கண்காணிப்பு இருந்தால் அது குறைவான எண்ணிக்கையிலேயே நிற்கிறது. இரட்டைக் கரு உண்டாவதும் முப்பதுகளின் பிற்பகுதியில் இயற்கையாகவே கூடுகிறது, ஏனென்றால் மூளையிலிருந்து வரும் தூண்டுதல் அதிகமாகி ஒரே மாதத்தில் இரண்டு முட்டைகள் வெளிவந்துவிடுகின்றன.

கருத்தரிக்க நினைக்கும்போதே ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபோலிக் அமிலம் நாளுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது. கர்ப்பம் உறுதியானதும், 12-ஆவது வாரத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவைப்படுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறும் முன்சூல்வலிப்பைத் தடுக்க அது உதவும். 40 தாண்டியவர்களுக்குக் குறித்த தேதியைத் தாண்டவிடாமல் பிரசவத்தைத் தூண்டும் யோசனையையும் பல மருத்துவர்கள் சொல்வார்கள், அதன் காரணத்தைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எனக்கு 47. இரண்டு மாதமாக மாதவிடாய் இல்லை. நிற்கப்போகிறதா, இல்லை கர்ப்பமா?

முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் காலத்தின் தொடக்கமாகவே இருக்கும், ஆனால் ஊகத்தில் விடக் கூடாது. குழந்தை வேண்டும் என்பவருக்கு 47-இல் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வேண்டாம் என்பவருக்கு அந்தக் குறைந்த வாய்ப்பே போதும், ஐந்தாவது மாதத்தில் கண்டுபிடித்துத் திகைப்பதற்கு.

50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு ஆண்டுகள், 50-க்குப் பின் நின்றால் ஓராண்டு, கருத்தடையைத் தொடர வேண்டும்.

குழந்தை கல்லூரிக்குப் போகும்போது எங்களுக்கு அறுபது தாண்டியிருக்கும். இது எங்கள் சுயநலமா?

அப்படி நான் நினைக்கவில்லை. இருபதில் பெற்றவர்களும் தங்கள் ஆசைக்காகத்தான் பெற்றார்கள், அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் கேள்வியின் நடைமுறைப் பாதியைத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் இருவரின் உடல்நிலை, வருமானம் வரும் ஆண்டுகள், உங்களுக்குப் பின் பிள்ளைக்கு யார் என்பதைக் கருத்தரிப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். பேச முடியாத அளவுக்குப் பயமாக இருந்தால், அந்தப் பயத்தையும் பேசுங்கள்.

மூன்று முறை சோதனைக் குழாய் முறையில் முயன்றாயிற்று. எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்த முயற்சிக்கு முன் மருத்துவரிடம் ஒரே ஒரு எண்ணைக் கேளுங்கள்: 'என் வயதில், சொந்த முட்டையோடு, சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?' கர்ப்பப் பரிசோதனை நேர்மறையாக வந்தவர்களின் சதவீதத்தைச் சொன்னால், அது நீங்கள் கேட்டது அல்ல என்று திரும்பக் கேளுங்கள். 41-இல் அந்த எண் இன்னொரு முயற்சிக்கு இடம் தரலாம், 45-இல் தருவது அரிது.

பிறகு கணவரும் நீங்களும் தனியாக அமர்ந்து, இன்னும் எத்தனை முறை, எந்த மாதம் வரை, எவ்வளவு செலவு வரை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தோல்வியின் மறுநாள் அந்த முடிவை எடுக்க வேண்டாம், அன்று யாராலும் சரியாக யோசிக்க முடியாது. தானமாக முட்டை பெறுவது, தத்தெடுப்பது, இருவராகவே வாழ்வது ஆகிய மூன்றையும் அதே தாளில் எழுதுங்கள். தத்தெடுப்பிலும் பெற்றோரின் வயதுக்கு வரம்பு இருக்கிறது, ஆகவே அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் விசாரிக்காமல் இப்போதே விசாரித்துவிடுங்கள்.